கோடு முடியட்டும்

மத்தியானம் மூணு மணிக்கு மேல எங்க மாடிப்படி ஏறினீங்கன்னா ஒரு வாசனை வரும். யூகலிப்டஸ் தைலம், கொஞ்சம் கிராம்பு, நனைஞ்ச எலை. ரூபீனா வீட்ல மெஹந்தி குழைச்சு வெச்சிருக்கான்னு அர்த்தம். அந்த வாசனை மூக்குல ஏறினா எனக்குக் கண்ணு சொக்கும். தூக்கம்னும் சொல்ல முடியாது, முழிப்புன்னும் சொல்ல முடியாது. இப்ப நான் சொல்லப்போறதுல பாதி அப்படிச் சொக்கிக் கெடக்கும்போது காதுல விழுந்ததுதான். அதுக்காக ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லல, கொறைச்சும் சொல்லல.

நான் ஸ்வர்ணலதா. கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போடுறவ. சொந்த ஊரு சங்கரன்கோயில் பக்கம். கட்டிக்கிட்டு மயிலாப்பூர் வந்து இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. வாய் மட்டும் இன்னும் ஊர்லயேதான் இருக்கு, அதுக்கு நான் பொறுப்பில்ல. கச்சேரி ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல, ஒரே மாடியில ரெண்டு போர்ஷன். ஒண்ணு எங்களுது, எதிர்த்தது ரூபீனாவுது. நான் முகம், அவ கை. பதினாலு வருஷமா ஒரே ஆட்டோவுல ஒரே கல்யாண வீட்டுக்குப் போறோம், வர்றோம். அவங்க வீட்ல உருதுவும் தமிழும் கலந்துதான் ஓடும். எனக்கு எல்லாம் புரியும். புரியலன்னா கேட்டுருவேன், எனக்கென்ன வெக்கம்.

ரூபீனாவைப் பத்திச் சொல்லணும்னா கையிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். கல்யாணப் பொண்ணோட கையை இடது கையில ஏந்திக்குவா. வலது கையில கோன். அதுக்கப்புறம் தலை நிமிராது. மூணு மணி நேரமோ நாலு மணி நேரமோ, அப்படியே குனிஞ்சது குனிஞ்சபடி. கை சில்லுன்னு இருந்தா பொண்ணு பயந்திருக்கு, வேர்த்து வழிஞ்சா வேற ஏதோ கவலைன்னு தொட்டதுமே தெரிஞ்சுக்குவா. ஆனா ஒண்ணும் கேக்க மாட்டா. சும்மா கையைப் பிடிச்சிக்கிட்டு வரைஞ்சிக்கிட்டே இருப்பா. கொஞ்ச நேரத்துல பொண்ணு தானா பேச ஆரம்பிச்சிடும். பெத்தவகிட்ட சொல்லாததெல்லாம் இவகிட்ட கொட்டும். தி.நகர்ல ஒரு பொண்ணு, மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு, ஆனா அவங்க வீட்டு நாயை நெனைச்சா கால் நடுங்குதுன்னு தேம்பித் தேம்பி அழுதுச்சு. நானும்தான் அந்தப் பொண்ணுங்க மொகத்துக்கு நேரா உக்காந்து, "என்னம்மா, ஏன் ஒரு மாதிரியா இருக்கே"ன்னு கேக்கறேன். எவளாவது வாய் திறக்கணுமே!

இந்த வேலையில ஒரு சட்டம் உண்டு. கோடு ஓடும்போது கோனைத் தூக்கக் கூடாது. தூக்கி மறுபடி வெச்சா அந்த இடத்துல முண்டு தட்டும். காஞ்சு செவந்ததும் அது நல்லாத் தெரியும். ரூபீனா போட்ட கோட்டுல ஒரு முண்டு காட்டினா என் மேக்கப் பொட்டியையே தூக்கிக் கொடுத்துடறேன்னு எத்தனையோ கல்யாண வீட்ல நான் சவால் விட்டிருக்கேன். யார் கூப்பிட்டாலும் சரி, பந்தலே சரிஞ்சாலும் சரி, அவ வாயிலேர்ந்து ஒரே பதில்தான் வரும். "கோடு முடியட்டும்."

அவளுக்கு ஒரே பொண்ணு. சிம்ரா. ஒன்பது வயசு. அந்தப் புள்ள கல்யாண வீட்டு மூலையிலதான் வளர்ந்துச்சுன்னு வெச்சுக்கோங்களேன். அப்பா அஃப்தாப் தி.நகர்ல பைக் கடையில நிக்கறாரு, அதான், தோள்பை, சூட்கேஸ் விக்கிற கடை. காலையில போனா ராத்திரிதான் வருவாரு. அதனால சிம்ராவை எங்ககூடவே இழுத்துக்கிட்டுப் போவோம். ஒரு மூலையில பாயைப் போட்டு, கலர் பென்சிலைக் கொடுத்து உக்கார வெச்சிருவோம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ "அம்மி"ன்னு கூப்பிடும். "அம்மி, இந்த வீட்ல மீன் தொட்டி இருக்கு." "கோடு முடியட்டும்டா." "அம்மி, அந்த ஆன்ட்டி மூக்குல எவ்ளோ பெரிய மூக்குத்தி பாரேன்." "கோடு முடியட்டும்." வீட்டுக்கு வந்தும் அதே பதில்தான். அரிசி களையும்போது கோடு ஏது? ஃபோனைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது கோடு ஏது? வாய் பழகிப்போச்சு அவளுக்கு.

போன பொங்கலுக்கு அப்புறம் சிம்ரா கூப்பிடறதை நிறுத்திடுச்சு. பாயில உக்காந்தா உக்காந்த இடம். ரூபீனா என்கிட்ட ஒரு நாள் பூரிச்சுப்போய்ச் சொன்னா. "அக்கா, பாத்தீங்களா, சிம்மு சமர்த்தாயிட்டா. தொந்தரவே பண்றதில்ல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் என் திருஷ்டி படாம இருக்கட்டும்"னேன். எனக்கும் ரெண்டு கண்ணு இருந்துச்சு, அதை வெச்சு கல்யாணப் பொண்ணுங்க புருவத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த வாரத்துலதான் அந்தப் புள்ள என் வாசல்ல வந்து, "பெரிம்மா, குட்டியா ஒரு டப்பா தருவியா"ன்னு கேட்டுச்சு. காலி பொட்டு டப்பா ஒண்ணைக் கையில கொடுத்தேன். எதுக்குடி உனக்குன்னு கேக்கத் தோணல.

மே மாசம் லீவுக்கு சிம்ரா பாலவாக்கத்துக்குப் போச்சு. அங்க அஃப்தாபோட அக்கா அஃப்சருன்னிசா இருக்காங்க. சிம்ராவுக்கு ஃபுப்பு, நம்ம பாஷையில அத்தை. புள்ளை குட்டி கெடையாது. தங்கமான மனுஷி, குறை சொல்ல எனக்கே வாய் வராது, பாத்துக்கோங்க. வீட்லேர்ந்து அஞ்சு நிமிஷம் நடந்தா கடல். ஒரு மாசம் இருந்துட்டு வந்துச்சு புள்ள. வந்த மறுநாள் காலையில டீயில பிஸ்கட்டை முக்கிக்கிட்டே சொல்லுச்சாம். "அம்மி, நான் ஃபுப்பு வீட்லயே இருக்கேன். அங்கேயே ஸ்கூல் சேந்துக்கறேன்."

கோவமா இல்ல, அழுகையா இல்ல, பிஸ்கட் இன்னொண்ணு வேணும்னு கேக்கற மாதிரி சொல்லியிருக்கு. 

அஃப்சருன்னிசா ஃபோன்ல பேசினாங்க. பக்கத்து ஸ்கூல்ல இடம் இருக்காம். திங்கக்கிழமைக்குள்ள டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துடணுமாம். "நான் இழுக்கல ரூபீனா, அல்லா சாட்சியா பாப்பா ஆசைப்பட்டுதான் கேக்குது. ஞாயித்துக்கிழமை வர்றேன், நீ யோசிச்சு வை"ன்னாங்க. அஃப்தாபைக் கேட்டா, "ஒரு வருஷம் இருந்துட்டு வரட்டுமே"ன்னு சொல்லிட்டு கடைக்குக் கெளம்பிட்டாரு. ஆம்பளைங்களுக்கு எல்லாமே ஒரு வருஷம்தான்.

ரூபீனா என் அடுப்படியில வந்து தரையில உக்காந்துட்டா. "அக்கா, நான் இன்னா கொறை வெச்சேன் சொல்லுங்க. கேட்ட டிரெஸ், கேட்ட பென்சில் பாக்ஸ், ரம்ஜான் அன்னைக்குக்கூட ஆர்டர் எடுக்காம அவகூட இருந்தேன். ராத்திரி அவ தலையை வருடிக்கினேதான் தூங்கறேன். அவ என்னை வுட்டுட்டுப் போறாளாமே!"

"என்கிட்ட ஏட்டி கேக்குத? அவகிட்டயே கேளு"ன்னு எரிஞ்சு விழுந்தேன். எனக்குக் கோவம் வந்தா ஊர்ப்பேச்சு வந்துரும்.

கேட்டா. எப்படிக் கேட்டாங்கறீங்க? ஃபோன் வீடியோவுல எவரோ ஒரு அம்மா, புள்ளைங்களோட தெனமும் இருவது நிமிஷம் மனசு விட்டுப் பேசுங்கன்னு சொன்னாங்களாம். இவ உடனே அலாரம் வெச்சுட்டா. சாயங்காலம் ஆறு மணிக்கு டிங்குன்னு அடிக்கும், திரையில "சிம்ரா டைம்"னு எழுத்து வரும். புள்ளையை நாற்காலியில உக்கார வெச்சு, எதிர் நாற்காலியில இவ உக்காந்து, கண்ணுக்குள்ள பார்த்து, "இன்னைக்கு உன் மனசுல இன்னா ஓடுது"ங்கறா. நான் கதவுக்கு இந்தாண்ட நின்னு தலையில அடிச்சிக்கிட்டேன். புள்ள பயந்துபோய், "நல்லாத்தான் ஓடுது"ன்னுச்சு.

"எதுனா வருத்தமா?"

"இல்ல."

"அம்மி மேல கோவமா?"

"இல்ல."

அடுத்த கேள்விக்கு இவ ஃபோனைப் பார்க்கறா! கேள்வியெல்லாம் அதுலதான் எழுதி வெச்சிருக்கா. மூணு நாள் இந்தக் கூத்து நடந்துச்சு. நாலாம் நாள் இருவது நிமிஷம் முடிஞ்சு அலாரம் அடிச்சதும் சிம்ராவே எழுந்து ஃபோனை எடுத்து அணைச்சு, "அம்மி, டைம் ஆயிடுச்சு, நீ வேலையைப் பாரு"ன்னு பவ்யமா கையில கொடுத்துட்டுப் போச்சு. அன்னைக்கு ரூபீனா ராவு முழுக்கத் தூங்கல. மொகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது.

சனிக்கிழமை வந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் எங்களுக்கு அடையாறுல ஒரு பொண்ணு வீடு. ரூபீனா காலையிலேயே மெஹந்தி குழைச்சு, கோன் சுத்தி, டப்பாவுல அடுக்கி வெச்சுட்டா. பன்னெண்டரை மணிக்கு ஃபோன் வருது. பொண்ணு வர வேண்டிய ஃப்ளைட் லேட்டு, நாளைக்கு சாயங்காலம் வாங்கன்னு. வேற நாளா இருந்தா நான் அவங்க குடும்பத்தையே வாரியிருப்பேன். அன்னைக்கு என்னமோ உடம்பு விட்டுப்போச்சு. வெயில் அப்படி. ரூபீனா வீட்லதான் காத்து வரும்னு அங்க போய்த் தரையில பாயைப் போட்டுப் படுத்தேன்.

ரூபீனா கோனையெல்லாம் ஃப்ரீசர்ல வெச்சிக்கிட்டு இருந்தா. சிம்ரா ஜன்னலோரம் நின்னு தன்னோட துணியை மடிச்சு பாலவாக்கத்துக்குப் பையில அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. ஒரு கோன் வெளியில இருக்கறதைப் பார்த்து ரூபீனா, "சிம்மு, கையைக் காட்டு, போட்டு விடறேன்"னா. கெஞ்சற கொரல்ல சொன்னா, எனக்கே என்னமோ பண்ணுச்சு.

சிம்ரா கோனைப் பாத்துச்சு. "எனக்கு வேணாம். நான் உனக்குப் போடட்டா?"

"எனக்கா?" அவ ரெண்டு கையையும் பின்னாடி மறைச்சுக்கிட்டா, நம்பினா நம்புங்க. பெருநாளைக்கு விரல் நுனியில மட்டும் தொட்டுக்குவா. மத்தபடி பதினாலு வருஷத்துல அவ உள்ளங்கையில நான் மெஹந்தி பார்த்ததில்ல. போட்டா ரெண்டு மணி நேரம் கை போச்சே. ஃபோன் எடுக்க முடியாது, சமைக்க முடியாது, ஒண்ணும் முடியாது. "நாளைக்கு ஆர்டர் இருக்கேடா..."

"போட்டுக்கோயேம்ட்டி! கை என்ன தேஞ்சா போயிரும்?"னு பாயிலேர்ந்தே கத்தினேன். "உக்காரு அவ எதிர்ல!"

உக்காந்தா. சிம்ரா ஒரு சின்ன முக்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, அம்மாக்காரி கையைத் தன்னோட இடது கையில ஏந்திக்கிச்சு. ஏந்தினா அதுக்குள்ள அடங்கல, அவ்ளோ சின்னக் கை. ரூபீனா உடனே ஆரம்பிச்சா. "ஃபுப்பு வீட்ல உனக்கு இன்னாடா பிடிச்சிருக்கு..."

"கோடு ஓடும்போது பேசக் கூடாது அம்மி."

அச்சு அசல் ரூபீனா கொரல். அதே இழுவை. நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில வெச்சுக்கிட்டேன். ரூபீனா வாயை மூடிக்கிட்டா.

ஃபேன் மெதுவாச் சுத்துச்சு. ஜன்னல் தெரை உள்ள வந்து வந்து போச்சு. தைல வாசனை. கச்சேரி ரோட்டு பஸ் சத்தம் எங்கேயோ தண்ணிக்கு அடியில போற மாதிரி கேட்டுச்சு. எனக்குக் கண்ணு சொக்குது. பாய் மணலாயிருச்சு. நான் எங்கேயோ கடல் ஓரமா படுத்திருக்கேன், உள்ளங்கால்ல ஈரம் ஏறுது. அந்த நெனைப்புக்குள்ள ஒரு சின்னக் கொரல் பேசுது. யாரையும் பார்த்துப் பேசல, குனிஞ்சு கையைப் பார்த்துக்கிட்டு பேசுது.

"அங்க தண்ணி பின்னாடி போவும் அம்மி. போவும்போது கால் அடியில இருக்கற மண்ணை இழுத்துக்கினு போவும். கால் அப்படியே உள்ள எறங்கும். பயமா இருக்கும். ஆனா நல்லாவும் இருக்கும். ஃபுப்பு கையைப் பிடிச்சிக்கும்."

ரூபீனா ஒண்ணும் கேக்கல. கேக்கறவளா அவ? கையைப் பிடிச்சிக்கிட்டு குனிஞ்சிருந்தா பேச்சு வரும்னு அவளுக்குத் தெரியாததா? என்ன, இத்தனை வருஷமும் அவ பிடிச்சது ஊரான் வீட்டுப் புள்ளைங்க கையை.

"இதான் அலை. இது பெரிய அலை. ம்ச்... அறுந்துடுச்சு."

"ஆமாடா, அறுந்துடுச்சே, முண்டு தட்டுமே"ன்னு ரூபீனா பதறினா. பழக்க தோஷம்.

"அதனால இன்னா? ஒரு புள்ளி வெச்சா போச்சு." புள்ளி வெச்சுச்சு. மறுபடி வரைஞ்சுச்சு. மறுபடி அறுந்துச்சு. மறுபடி புள்ளி. "ஃபுப்பு ஒண்ணும் பெருசா பண்ணாது அம்மி. வீட்ல டிவி கூட சின்னதுதான். கூப்பிட்டா திரும்பும். அவ்ளோதான்."

எனக்குத் தூக்கம் போயிருச்சு. ஆனா கண்ணைத் திறக்கல. திறந்தா புள்ள நிறுத்திடும்னு பயம்.

"அன்னைக்கு அடையாறுல ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோமே, பொங்கல் முடிஞ்சு. அங்க என் பல்லு விழுந்துடுச்சு. இது, முன்னாடி பல்லு. கையில எடுத்துக்கினு ஓடி வந்தேன். ரத்தம் வந்துச்சு. அம்மின்னேன். கோடு முடியட்டும்னே. சரின்னு வெயிட் பண்ணேன். ஒரு கை முடிஞ்சுது. அப்புறம் இன்னொரு கை. அப்புறம் காலும் இருந்துச்சு."

இன்னொரு அலையைப் போட்டு முடிச்சுச்சு.

"ரத்தம் நின்னுடுச்சு. நானே பாத்ரூம்ல போய்க் கழுவிக்கினேன். பெரிம்மாகிட்ட டப்பா கேட்டேன். அதுல போட்டு வெச்சுட்டேன். நீ ஒரு வாரம் கழிச்சு, ஏய், ஸ்கூல்ல பல்லு விழுந்துடுச்சான்னு கேட்டே. நான் ஆமான்னு சொல்லிட்டேன்."

பொட்டு டப்பா! எதுக்குடின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஊரெல்லாம் வாயாடி நான், கேக்க வேண்டிய எடத்துல வாய் வரல. சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டு, முந்தானை நனைய நனைய அழுதேன். ரூபீனா அழறது எனக்கு முதுகுக்குப் பின்னாடி கேட்டுச்சு. அவளால கண்ணைத் தொடைக்க முடியாது. ஒரு கை முழுக்க ஈர மெஹந்தி, இன்னொரு கை புள்ள கையில. சிம்ரா தன்னோட ஃப்ராக் நுனியை எடுத்து அம்மி மொகத்தைத் தொடைச்சு விட்டுச்சு. "அழாத அம்மி, கை ஆடுது"ன்னுச்சு.

அப்பதான் ஃபோன் அடிச்சுது. அடையாறு பொண்ணு வீடுதான். தரையில கெடந்து உறுமுது. நின்னு மறுபடி அடிக்குது. ரூபீனா ஃபோன் ரெண்டாவது தடவ அடிச்சு நான் பார்த்ததில்ல, முதல் தடவையே பாய்ஞ்சு எடுக்கறவ. சிம்ரா கோனை நிறுத்திட்டு, "காதுல வெக்கட்டா அம்மி?"ன்னு கேட்டுச்சு.

"வேணாம்டா. கோடு ஓடுதுல்ல. முடியட்டும்"னா ரூபீனா.

ஃபோன் தானா அடங்குச்சு. அதுக்கப்புறம் சிம்ரா பேசினது எதுவும் எனக்குத் தனித்தனியா ஞாபகம் இல்ல. மஹ்விஷ்னு ஒரு ஃபிரெண்டு பெஞ்சு மாறிப்போனது, பாலவாக்கத்துல ஒரு மூணு கால் நாய், கனவுல பறந்தது, கனவுல விழுந்தது. பேச்சு அலை அலையா வந்துச்சு. சாயங்காலத் தொழுகைக்கு, அசருக்கு, பாங்கு சொன்னாங்க. வெயில் சுவத்துலேர்ந்து எறங்கித் தரைக்கு வந்துச்சு. நான் நெஜமாவே தூங்கிப்போயிட்டேன்.

முழிச்சுப் பார்த்தா ரூபீனா ரெண்டு கையையும் விரிச்சு முட்டி மேல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மணிக்கட்டு வரைக்கும் அலை. கோணல் மாணலா, நூறு புள்ளியோட. புள்ள தயிர்சாதம் பெசைஞ்சு அவளுக்கு ஊட்டி விடுது. நல்லா செவக்கட்டும்னு நடுவுல எலுமிச்சஞ்சாறுல சக்கரையைக் கரைச்சுப் பஞ்சால கையில ஒத்துது. "மூக்கு அரிக்குதுடா"ங்கறா இவ. புள்ள சொறிஞ்சு விடுது. "அங்க இல்ல, மேல." "இங்கயா?" "இன்னும் கொஞ்சம் மேல." ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. ஆனா ஜன்னலோரத்துல அந்தப் பை அடுக்கினது அடுக்கினபடியேதான் இருந்துச்சு. நான் அதைப் பார்த்தேன், ரூபீனாவும் பார்த்தா. "போகாத"ன்னு அவ சொல்லல.

ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அஃப்சருன்னிசா வந்து எறங்கினாங்க. வந்ததும் தம்பி பொண்டாட்டி கையைத்தான் பார்த்தாங்க. "மாஷா அல்லா, என்ன இது?" மெஹந்தி உதிர்ந்து, கை வெளிர் ஆரஞ்சு நெறத்துல இருந்துச்சு. சிம்ரா ஓடி வந்து, "ஃபுப்பு, இது இன்னும் செவக்கல. முதல் நாள் இப்படித்தான் இருக்கும். நாளைக்குக் காலையிலதான் நல்லா டார்க்கா வரும். நான் போட்டது, எப்படி வருதுன்னு பாத்துட்டு வரேன்"ன்னுச்சு.

அஃப்சருன்னிசா அது மொகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "சரி, ராத்திரி நானும் தங்கிடறேன். காலையில ஸ்கூல்ல டி.சி.க்கு எழுதிக் கொடுத்துட்டு அப்படியே போயிடலாம்"னாங்க. ரூபீனா அவங்களுக்கு டீ போட அடுப்படிக்குப் போனா. நானும் பின்னாடியே போனேன். டீத்தூள் டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு திறக்காம நிக்கறா. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு அடையாறுக்குக் கெளம்பினோம். நாலஞ்சு மாசமா கல்யாண வீடுன்னா வேண்டா வெறுப்பா வர்ற புள்ள, "நானும் வரேன்"னு செருப்பை மாட்டிக்கிட்டு முதல் ஆளா ஆட்டோவுல ஏறிடுச்சு. ஒரு கையை மூடியே வெச்சிருந்துச்சு. 

பொண்ணு வீடு பெரிய வீடு. மாடியில ஏசி ரூம், கீழ சொந்தக்காரங்க சத்தம். ரூபீனா பொண்ணு கையை ஏந்தினதும் அந்தப் பொண்ணு, "அக்கா, உங்க கையில யாரு போட்டது"ன்னு சிரிச்சுச்சு. "எம்பொண்ணு"ன்னா ரூபீனா. அவ்ளோதான், தலை குனிஞ்சது குனிஞ்சதுதான். நான் பொண்ணோட அக்காவுக்குப் புருவம் எடுத்துக்கிட்டு இருந்தேன். சிம்ரா பாயில உக்காந்து ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு மணி நேரம் ஆச்சு. உள்ளங்கை முடிஞ்சு, புறங்கையில மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் ஒரு நீளக் கொடி ஓடணும். அந்த வேலையிலேயே கஷ்டமான கோடு அதான். மூச்சைப் பிடிச்சிக்கிட்டு ரூபீனா ஆரம்பிச்சா.

பாதி தூரம் போயிருக்கும். சிம்ரா எழுந்து வந்து கதவுகிட்ட நின்னுச்சு. சொல்லலாமா வேணாமான்னு நிக்குது. அப்புறம் சொல்லுச்சு. கூப்பிட்டுச்சுன்னு கூடச் சொல்ல மாட்டேன், வாய்க்குள்ள முனகுச்சு.

"அம்மி."

நாலஞ்சு மாசத்துக்கு அப்புறம் ஒரு கல்யாண வீட்ல அந்த வார்த்தை. நான் புருவ நூலை அப்படியே பிடிச்சிக்கிட்டு உறைஞ்சுபோயிட்டேன். கோடு ஓடிக்கிட்டு இருக்கு.

ரூபீனா கோனைத் தூக்கிட்டா.

"அய்யய்யோ, கோடு!"ன்னு பொண்ணோட சித்தி கத்தினாங்க. ரூபீனா காதுல அது விழவே இல்ல. முழுசாத் திரும்பி, "இன்னாடா சிம்மு?"ன்னா.

சிம்ரா கிட்ட வந்து மூடின கையைத் திறந்துச்சு. என் பொட்டு டப்பா. அதைத் திறந்துச்சு. பஞ்சு மேல அரிசி மாதிரி ஒரு பல்லு.

"பல்லு விழுந்துடுச்சு"ன்னுச்சு.

"காட்டு"ன்னா ரூபீனா. கோனைத் தட்டுல வெச்சுட்டு, டப்பாவை வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா. "வலிச்சுதா?"

"கொஞ்சம்."

"வாயைத் தொற." புது பல்லு பாதி மொளைச்சிருந்துச்சு. அதை விரல் நுனியால தொட்டுப் பார்த்தா. ரெண்டு நிமிஷம் இருக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறாங்க. "ரத்தம் வந்துச்சா?" "நெறைய வந்துச்சு." அந்தக் கல்யாணப் பொண்ணு இருக்கே, மகராசி, அது மட்டும் கையை நீட்டினபடியே அசையாம, "அக்கா, நீங்க பாருங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல"ன்னுச்சு.

அப்புறம் ரூபீனா திரும்பி உக்காந்து, கொடி அறுந்த எடத்துல ஒரு புள்ளி வெச்சா. சவால் விட்டேனே, என் மேக்கப் பொட்டி போச்சு.

மறுநாள் காலையில டி.சி.க்கு யாரும் போகல. அலை நல்லா ரத்தச் சிவப்பாச் செவந்திருந்துச்சு. அதைப் பார்த்துட்டு சிம்ரா பையைத் திறந்து துணியை எடுத்து அலமாரியில வெச்சுச்சாம். அஃப்சருன்னிசா சிரிச்சுக்கிட்டே, "சனிக்கிழமையாவது வருவியா"ன்னு கேட்டாங்களாம். இதெல்லாம் அப்புறம் கேள்விப்பட்டதுதான். எனக்கு முன்னாடி நாளே தெரிஞ்சுபோச்சு, ஆட்டோவுல வரும்போதே.

வேலை முடிஞ்சு கெளம்பினப்ப ஏழரை இருக்கும். அடையாறு பாலத்து மேல கடல் காத்து அடிச்சுது. ஆத்துத் தண்ணியில வெளிச்சம் நீளம் நீளமா ஆடுச்சு. நான் ஒரு ஓரம், ரூபீனா ஒரு ஓரம், நடுவுல சிம்ரா. எனக்கு வழக்கம்போல கண்ணு சொக்குது.

"அம்மி"ன்னுச்சு.

ரூபீனா திரும்பினா. "இன்னாடா?"

"ஒண்ணுமில்ல."

கொஞ்ச தூரம் போச்சு. "அம்மி."

"சொல்லுடா."

"ஒண்ணுமில்ல."

கச்சேரி ரோடு வந்து எறங்கறதுக்குள்ள பதினோரு தடவ கூப்பிட்டுச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டு எண்ணினேன். பதினோரு தடவையும் அவ திரும்பினா.